கட்டிக்குள்ளேயே நஞ்சைச் சமைக்கும் மரபணு

பெருங்குடல் புற்றுநோயில் பழுதான மரபணுவைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டிவிட முடியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஏபிசி, கேராஸ், பி53 எனப் பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதான பின்னரே குடலின் உட்சுவரில் முளைத்த சிறு கட்டி பெரும்பாலும் புற்றாகிறது. நல்ல மரபணுவைச் சுமந்துகொண்டு, கோடிக்கணக்கான செல்களில் ஒன்றைக்கூட விடாமல் தேடிச்சென்று திருத்தும் வைரஸ் நம்மிடம் இல்லை. ஆகவே சில ஆய்வாளர்கள், திருத்துவதை விட்டுவிட்டு, புற்றுச்செல்லுக்குப் புதிதாக ஒரு மரபணுவைக் கொடுத்து, அதன் கையாலேயே நஞ்சைச் சமைக்கவைக்க முயன்றார்கள்.

அந்த நஞ்சு நமக்குப் பழகியதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் 1957இல் அறிவித்த ஃப்ளூரோயுராசில், இன்றும் குடல் புற்றுக்கான கீமோதெரபியின் முதுகெலும்பு. செல்லில் இயல்பாகவே உள்ள யுராசில் என்ற மூலக்கூறில் ஒரேயொரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே ஃப்ளூரினை வைத்தால் கிடைப்பது இது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைத் தயாரிக்கும் நொதி, செல்லுக்குள் சற்றே உருமாறிய இதை யுராசில் என்று நம்பிப் பிடித்துக்கொள்கிறது, வழக்கம்போல் அந்த இடத்து ஹைட்ரஜனை நீக்க முயல்கிறது, ஃப்ளூரினோ அசைந்துகொடுப்பதில்லை. பலாப்பிசினில் கைவைத்ததுபோல் நொதி ஒட்டிக்கொண்டு நின்றுவிட, தைமின் இல்லாமல் டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாத செல் மடிகிறது. வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் விரைந்து பெருகும் நல்ல செல்களும் இதே வலையில் சிக்குவதுதான் துயரம்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் வருகிறது. ஃப்ளூசைட்டோசின் என்பது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. அதிலுள்ள ஓர் அமினோ தொகுதியை நீக்கி ஆக்சிஜனை வைத்தால் அதுவே ஃப்ளூரோயுராசில். இந்த மாற்றத்தைச் செய்யும் சைட்டோசின் டிஅமினேஸ் என்ற நொதி ஈஸ்டிலும் பல பாக்டீரியாக்களிலும் உண்டு, மனிதச் செல்லில் கிடையாது. அதற்கான மரபணுவைக் கட்டிக்குள் செலுத்திவிட்டுப் பூஞ்சை மருந்தைக் கொடுத்தால், கட்டியில் நஞ்சு ஊறும். ஊறியது செல்லின் சவ்வைக் கடந்து அண்டைச் செல்களையும் கொல்லும். மனிதக் குடல் புற்றுச்செல்களை எலிகளில் வளர்த்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் 2 பங்கு செல்களிடம் மட்டும் இந்த மரபணு இருந்தபோதே கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின.

ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் விழுங்கிய பூஞ்சை மருந்தில் ஒரு பகுதியை அங்கேயே நஞ்சாக்கிவிடுகின்றன. மரபணுவைச் சுமந்துவரும் வைரஸையோ நோய் எதிர்ப்பாற்றல் விரட்டுகிறது. இதே உத்தியை மூளைக் கட்டியில் பயன்படுத்திய பெரிய சோதனை, ஆயுளை நீட்டாமல் 2019இல் தோல்வியடைந்தது. பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸில் இத்தகைய மரபணுவைப் பொருத்தி, கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றிலும் சோதித்திருக்கிறார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன இரு பழைய மருந்துகளைச் சுற்றிய இத்தகைய வேலைக்கு முதலீட்டாளரைவிட அரசே பணம் தர வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி கேட்ட வாசகருக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது அறுவைச் சிகிச்சையும், அதே ஃப்ளூரோயுராசிலை நரம்பு வழியே ஏற்றும் கீமோதெரபியும்தான். கீமோவே வேண்டாம், மூலிகையில் தீர்த்துவைக்கிறேன் என்பவரிடம் அவர் ஒரு வாரத்தைக்கூட இழந்துவிடக் கூடாது.