ஊற்று எத்தனை மீனைத் தாங்கும்? டிரவுட் வளர்க்க விரும்புவோருக்கு

மலைச்சரிவில் சொந்தமாக ஓர் ஊற்று வைத்திருப்பவர்கள் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வரும்போது, தொட்டியின் நீள அகலத்தைச் சொல்லிவிட்டு, "இதில் எத்தனை குஞ்சு விடலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தொட்டியை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, ஊற்று மிகவும் மெலிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதன் வரத்தை அளந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

பதினைந்து லிட்டர் வாளி பத்து வினாடியில் நிறைந்தால், நிமிடத்துக்கு 90 லிட்டர் வருகிறது என்று பொருள். நீரின் வெப்பம் 12 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், கடல்மட்டத்தில் அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 10.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆனால் நீலகிரியில் நாம் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். காற்றழுத்தம் குறைவதால் அதே நீரில் 8.5 மில்லிகிராம் அளவே தங்கும். தொட்டியை விட்டு வெளியேறும் நீரில் 6 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பதால், மீன்கள் சுவாசிக்கக் கிடைப்பது 2.5 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிலோ டிரவுட் மணிக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கணக்கிட்டால், அந்த 90 லிட்டர் ஊற்று தாங்குவது 54 கிலோ மீனை, அதாவது கால் கிலோ எடையுள்ள மீன்கள் இருநூற்றுச் சொச்சத்தை மட்டுமே. சமவெளி நாடுகளின் கையேடுகளைப் பார்த்து மீன்களின் எண்ணிக்கையை முடிவு செய்பவர்கள், ஏறத்தாழ இரண்டு மடங்கு மீனை விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்ட ஒரு பண்ணைக்கு ஒருமுறை ஏப்ரல் மாதப் பிற்பகலில் சென்றேன். மீன்கள் அனைத்தும் நீர் விழும் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு, செவுள் மூடிகளை விரித்து விரித்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் உரிமையாளர் நல்லெண்ணத்துடன் தீவனம் தூவிக்கொண்டிருந்தார். உண்ட உணவைச் செரிக்கவும் ஆக்சிஜன் செலவாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் பாதி மீன்கள் மிதந்தன. நோய் என்று நினைத்து மருந்து வாங்க அவர் ஆயத்தமானார். உண்மையில் அங்கே குறைந்திருந்தது நீர்தான்.

நாம் வளர்க்கும் வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஆறுகளுக்கு உரிய மீன். நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர 1863-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி தோற்றது, 1907-இல் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் அமைத்த பொரிப்பகத்துக்குப் பிறகே அது இங்கு நிலைகொண்டது. இந்த மீன் 20 டிகிரியைத் தாண்டினால் உண்பதைக் குறைத்துக்கொள்ளும். 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆண்டு முழுவதும் அதிகம் மாறாத குளிர்ச்சியைத் தருவதால்தான் ஊற்று நீர் இதற்கு ஏற்றதாகிறது.

எனினும் மண்ணுக்குள்ளிருந்து அப்போதுதான் வெளிவரும் நீரை நேரே குஞ்சுகளுக்கு விடக் கூடாது. அதில் ஆக்சிஜன் குறைவாகவும் நைட்ரஜன் மிகையாகவும் இருப்பதுண்டு. அந்த மிகை வாயு குஞ்சின் கண்ணிலும், அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையிலும் குமிழியாகத் திரண்டு அதைக் கொன்றுவிடும். துளையிட்ட தகடுகள் இரண்டு மூன்றின் வழியாக நீரைச் சிதறி விழச் செய்தால் நைட்ரஜன் வெளியேறும், ஆக்சிஜன் ஏறும். மின்சாரம் தேவைப்படாத இந்த ஏற்பாட்டுக்கு நான் எந்தக் கருவியையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

கருவூட்டும் நாளில் கவனம் முழுவதும் கையில் இருக்க வேண்டும். சினை முற்றிய பெண் மீனை ஈரத்துணியால் பிடித்து, வயிற்றை முன்னிருந்து பின்னாக மெல்ல வருடினால், பட்டாணியைவிடச் சற்றே சிறிய ஆரஞ்சு நிற முட்டைகள் உலர்ந்த பாத்திரத்தில் உதிரும். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, ஒரு கோழி இறகால் கலக்கிய பிறகே நீர் சேர்க்க வேண்டும். நீர் பட்ட விந்தணு அரை நிமிட அளவே நீந்தும். விந்தணு நுழையும் முட்டையின் நுண்துளையும் விரைவில் அடைபட்டுவிடும். பாத்திரத்தில் முன்பே ஈரம் இருந்தால் அந்த முட்டைகள் வீணாகும். 10 டிகிரி நீரில் சுமார் இரண்டு வாரத்தில் முட்டைக்குள் இரு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும். முப்பது நாள் அளவில் பொரியும். கண் தெரியும்வரை முட்டைகளை அசைக்காமல் இருட்டில் வைத்திருக்க வேண்டும்.

செத்த முட்டை வெண்மையாகிவிடும். அதில் பஞ்சு போலப் படரும் பூஞ்சை பக்கத்து முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். இதற்கு இன்றும் சிலர் மாலகைட் கிரீன் சாயத்தைக் கலக்கிறார்கள். அதன் எச்சம் மீனின் சதையில் நெடுநாள் தங்கும் என்பதாலும், புற்றுநோய் ஐயம் இருப்பதாலும், உண்ணும் மீன் வளர்ப்பில் அது பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கண் தெரிந்த பிறகு, வெண்முட்டைகளை நாள்தோறும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். சில ஆயிரம் முட்டைகள் உள்ள சிறு பொரிப்பகத்தில் இது ஒரு மணி நேர வேலை.

பொரிந்த குஞ்சுகளுக்குக் கழுவிய கூழாங்கற்களை ஓர் அடுக்காகப் பரப்பிக் கொடுங்கள். வெறும் தொட்டியில் அவை ஓயாமல் நெளிந்து மஞ்சள்கருவை வீணாக்குகின்றன; கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடப்பவை அதை வளர்ச்சிக்குச் செலவிட்டு, பெரிதாகவே மேலெழுந்து வருகின்றன.

ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்தையும் பண்ணையின் பகுதியாகவே கருத வேண்டும். சோலையும் புல்வெளியும் உறிஞ்சி வைத்த மழைநீர்தான் ஏப்ரலில் உங்கள் வாளியை நிறைக்கிறது. மேலே கேரட் வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி முதல் மழையிலேயே தொட்டிக்கு வந்துவிடலாம் என்பதால், அந்த வயலுக்கு உரியவரிடம் தெளிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கீழ்நோக்கியும் ஒரு பொறுப்பு உண்டு. டிரவுட் இம்மண்ணுக்கு அயல் மீன். ஓடைக்குத் தப்பினால் அங்குள்ள சிறு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும். வெளிவாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வலைத்தடுப்புகள் பொருத்துங்கள். தழை அடைத்து நீர் வலைக்கு மேலாக வழிந்தால் மீனும் அதனுடன் போய்விடும். ஆகவே தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இரண்டையும் கழற்றிக் கழுவி, கிழிசல் பார்த்து மாட்டுங்கள். மழை நாட்களில் காலை, மாலை இரு வேளையும் தழையை அகற்றிவிடுங்கள்.