நினைவுக்கல்லின் அடியில் அசல் படத்தை வைக்காதீர்கள்

பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் சீரமைப்பது என் தொழில். போர் நினைவு நாள் வரும் நவம்பர் நெருங்கினால் கோலாலம்பூரில் என்னைத் தேடி வரும் குடும்பங்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: போர் நினைவிடத்துக்குத் தாத்தாவின் படத்தைக் கொண்டுபோங்கள், ஆனால் நகலைக் கொண்டுபோங்கள்.

படைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்ப்பதை ஔவையாரே பாடியிருக்கிறார். தைப்பிங் போர்க் கல்லறையில் ஒருவர் சுருட்டும் வெற்றிலையும் வைத்தால் அதில் என்ன தப்பு? வாடிப்போகும் பொருளை வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

வாஷிங்டன் கதையைக் கேள்விப்பட்டவர்கள்தாம் ஏமாந்துபோகிறார்கள். 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதன் அடியில் கடிதம், பூட்ஸ், பதக்கம் என்று வைக்கிறார்கள். ஒருமுறை மோட்டார் சைக்கிளையே நிறுத்திவிட்டுப் போனார்கள். பூ, உணவு போன்றவை போக மற்றவற்றில் பலவற்றை அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் சேர்ந்துவிட்டன. அங்கேயும் குறிப்பு எழுதாமல் வைத்த பொருளை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. நம் பக்கத்துக் கல்லறைகளில் அப்படிப்பட்ட ஏற்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். தோட்டக்காரர் புல்லை வெட்டுவார், வாடிய மாலையோடு நனைந்த காகிதத்தையும் அள்ளிவிடுவார். அது அவர் வேலை.

"லேமினேட் செய்துதானே வைத்தோம், ஐயா?" என்று செந்தூலில் இருந்து வந்த ஓர் அம்மா கேட்டார். சீருடையில் தாத்தா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். பிளாஸ்டிக்கின் ஒரு மூலையில் முடியளவு பிளவு. மழைநீர் அதன் வழியாக உள்ளே போய், வெயிலில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் இளகிவிட்டது. தொப்பியும் தோள்பட்டையும் தெளிவாக இருந்தன. முகம் மட்டும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பெயர்ந்திருந்தது. மழையே படாவிட்டாலும், சூடாக்கி ஒட்டிய லேமினேஷனைப் படத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாடு. வீட்டில் வைத்திருக்கும் படத்துக்கும் அது வேண்டாம்.

கல்லையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவிச் சலவைக்கல்லில் வைத்தால், அதன் அமிலம் கல்லையே அரிக்கும். பளபளப்பு போன இடத்தைத் துடைத்து மீட்க முடியாது. விளக்கில் ஊற்றும் எண்ணெய் நுண்துளைகளில் இறங்கிக் கறையாக நிற்கும். வெண்கலத் தகட்டில் உப்பு பட்டால் பச்சை பூக்கும். வாழையிலையோ தட்டோ விரித்து அதன்மேல் படைத்து, புறப்படும்போது எடுத்துவிட்டால் போதும்.

பதக்கத்தை ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றதற்காகப் பிரிட்டிஷ் வீரர்களுக்கு வழங்கிய பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனிக் கல்லறை இராது. சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறையில், எரியூட்டப்பட்டோருக்கென உள்ள தனி நினைவகத்தில் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அங்கே ஏறத்தாழ 800 பெயர்கள். கல்லறையே தெரியாதவர்களின் பெயர்கள் பக்கத்துப் பெரிய சுவர்களில், 24,000க்கும் மேல். பதக்கத்தில் உள்ள எண் கையில் இருந்தால் அந்தத் தேடல் எளிதாகும். அதே போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட நம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர்ப் பொறிப்பும் இல்லை. ஆகவே அவர்கள் வீட்டில் இருக்கும் ஒற்றைப் படம் எவ்வளவு அருமையானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நகலெடுக்கும்போது அசலின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். நகலின் பின்னால் அவர் பெயர், படைப்பிரிவு, உங்கள் உறவுமுறை ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை மழையில் ஓடிவிடும்.

ஏற்கெனவே அசல் நனைந்துவிட்டதா? கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே காயவிட்டால் பிறகு பிரிப்பது இன்னும் கடினம். ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் தட்டையாக வைத்து, அன்றைக்கே சீரமைப்பாளரிடம் கொண்டுபோங்கள்.