நான்கு குழாய், ஒரு தொட்டி: குடும்ப டேட்டா எங்கே போகிறது?

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த எஸ்எம்எஸ் வந்தது. குடும்பத் திட்டத்தில் 90 சதவீத டேட்டா தீர்ந்துவிட்டதாம். எங்கள் பில் கணக்கு மாதாமாதம் 4-ஆம் தேதி தொடங்கும். அன்றைக்குத் தேதி 19. நான்கு எண்களுக்கும் சேர்த்து 100 ஜிபி, அதில் 90 ஜிபி பதினைந்தே நாளில் போய்விட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் கடைசி நாள் வரைக்கும் மிச்சம் இருந்திருக்கிறது.

வீட்டில் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் மேல்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன், போனில் கேட்டும்விட்டேன். அவள் அழாத குறை. அதன் பிறகுதான் கணக்கை ஒழுங்காகப் பார்த்தேன். 90 ஜிபியில் ஏறக்குறைய 50 ஜிபி, லால்குடி பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் எண்ணில் போயிருந்தது. மகளுடையது 25. மிச்சம் எனக்கும் மனைவிக்கும்.

அம்மாவா? காலையில் கோயில் நேரலை, மத்தியானம் பட்டிமன்றம், ராத்திரி ஏதாவது ஒரு பழைய படம். எல்லாம் சேர்த்து நாளைக்கு இரண்டரை மணி நேரம் இருக்கும். மூன்று வருடமாக இதே பழக்கம்தான். பழக்கம் மாறாதபோது செலவு மட்டும் எப்படி மூன்று மடங்கு ஆனது?

பதிலுக்குப் போகும் முன் திட்டத்தின் அமைப்பைப் பார்த்துவிடலாம். நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று ஒவ்வொரு சிம்முக்கும் தனியாகப் போடுகிற ப்ரீபெய்டு பேக், ஆளுக்கொரு குடம் மாதிரி. ஒருவர் குடம் காலியானால் மற்றவர் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் குடம் மறுபடி நிறையும். குடும்ப போஸ்ட்பெய்டு திட்டம் அப்படி இல்லை. அது மாடித் தொட்டி. ஒரே தொட்டியிலிருந்து நான்கு வீட்டுக்குக் குழாய் போகிறது. ஒரு குழாய் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தாலும் தொட்டி வறண்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரியவரும்.

தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் போனிலிருந்து கிளம்பும் தரவு கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தின் மையத்தில் உள்ள ஒரு நுழைவாயில் வழியாகத்தான் இணையத்துக்குள் போகும், திரும்பி வரும். அந்த வாயிலில்தான் எண்ணிக்கை நடக்கிறது. தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பயணிக்கும். ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாது. அதில் 40 பைட்டோ 60 பைட்டோ முகவரி எழுதவே போய்விடும். நாம் பார்த்த படத்தோடு அந்த முகவரிச் சீட்டும் சேர்த்துத்தான் எடை போடப்படுகிறது. வாயிலைத் தாண்டியபின் வழியில் தவறிப்போன பொட்டலமும் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பதிலாக மறுபடி அனுப்பப்படுவதும் ஏறும். ஆகவே நிறுவனத்தின் கணக்கு போன் காட்டும் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் அதில் மர்மம் இல்லை.

சிலர் ஒரு ஜிபிக்கு 1000 எம்பி என்று எண்ணுவார்கள், சிலர் 1024 என்று. பைட்டிலிருந்து கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியிலும் இதே வழக்கம் என்றால் ஜிபி அளவில் 7 சதவீத வித்தியாசம் வரும். இன்னொன்று, போன் தன் கணக்கை வழக்கமாக 1-ஆம் தேதி தொடங்கும், பில்லோ வேறு தேதியில் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "ஏமாற்றுகிறார்கள்" என்று கோபப்படுபவர்கள் முதலில் அந்தத் தேதியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டேட்டா உபயோகம் காட்டும் பக்கத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சேர்த்தாலும் மூன்று மடங்கு வராது. அம்மாவின் போனுக்கு வருவோம்.

முதலில் வாட்ஸாப்பைத்தான் சந்தேகித்தேன். உறவினர் குழுக்களில் விடிந்தால் பூவும் விளக்குமாக நூறு படம் வந்து விழும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு படம் 150 கேபி என்று வைத்தாலும் நூறு படத்துக்கு 15 எம்பி. மாதம் முழுக்கச் சேர்த்து அரை ஜிபி கூட ஆகவில்லை. எல்லோரும் திட்டுகிற அந்தக் காலை வணக்கப் படங்கள் இந்த வழக்கில் நிரபராதி.

வீடியோ வேறு விஷயம். இணையத்தில் ஒரு வீடியோ ஒரே கோப்பாக இருப்பதில்லை. அதே பட்டிமன்றம் 240, 360, 480, 720, 1080 என்று பல தரங்களில் தனித்தனியாகத் தயாரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் சில விநாடி நீளத் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற வீடியோ அனுப்பும் முறை, அப்புறம் 2012-இல் சர்வதேசத் தரமாக வந்த டாஷ் இரண்டும் இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. போனில் உள்ள பிளேயர் ஒரு துண்டை இறக்கும்போது அது எவ்வளவு வேகமாக வந்தது என்று அளக்கும். வேகம் நன்றாக இருந்தால் அடுத்த துண்டை ஒரு படி மேல் தரத்தில் கேட்கும். சிக்னல் தடுமாறினால் ஒரு படி இறங்கும். படம் நின்று நின்று ஓடாமல் இருப்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரத்தைத் தீர்மானிப்பது வேகமும் திரையும் அமைப்புகளும்தான். நம் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்தப் பிளேயருக்குத் தெரியவே தெரியாது.

1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் 480 தர வீடியோவை ஒரு மணி நேரம் பார்த்தால் எவ்வளவு ஆகும்? எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 3600 விநாடியை 8-ஆல் வகுத்தால் 450 எம்பி. அதே வீடியோ 1080 தரத்தில் 3 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் 1350 எம்பி. நாளைக்கு இரண்டரை மணி நேரம், பதினைந்து நாள். முதல் கணக்கில் 17 ஜிபி, இரண்டாவதில் 50 ஜிபி. அம்மா எண்ணில் போனது கிட்டத்தட்ட அதே 50.

தீபாவளிக்கு அம்மாவுக்குப் புது 5ஜி போன் வாங்கிக் கொடுத்திருந்தோம். பழைய போனில் சாயங்காலமானால் 4ஜி சிக்னல் திணறும், படம் தானாக 360-க்கு இறங்கிவிடும். அந்த மோசமான சிக்னல்தான் இத்தனை நாள் தொட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. புது போனில் திரை பெரிது, வேகம் தாராளம். போதாததற்கு, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாதே என்று யூடியூபின் அமைப்பில் மொபைல் நெட்வொர்க்குக்கு உயர்ந்த படத்தரம் என்று மாற்றி வைத்தவன் நான். மகளிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

5ஜியில் அளவில்லா டேட்டா தரும் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் 5ஜியில் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. நம் நாட்டில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். அது சுவர்களைத் துளைப்பதில் பலவீனமானது. திண்ணையில் 5ஜி காட்டும் போன், பின்கட்டு அறைக்குப் போனதும் சத்தமில்லாமல் 4ஜிக்கு மாறும். அங்கிருந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். வீடியோ தடைபடாது என்பதால் பார்ப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது.

குட்டி வீடியோக்களில் இன்னொரு கசிவு. ஷார்ட்ஸ், ரீல்ஸ் எல்லாம் விரலால் தள்ளியதும் அடுத்தது உடனே ஓட வேண்டும். அதற்காக நாம் பார்க்கும் முன்பே அடுத்தடுத்த வீடியோக்களின் தொடக்கம் இறங்கிக் காத்திருக்கும். வேகமாகத் தள்ளிக்கொண்டே போகிறவர், பார்க்காத வீடியோவுக்கும் சேர்த்துச் செலவு செய்கிறார்.

சரி, மகளின் 25 ஜிபி? அவள் வீடியோ பார்த்து அழித்தது அல்ல. விடுதி வைஃபை அடிக்கடி அறுந்துபோவதால் லேப்டாப்பை போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் படித்திருக்கிறாள். இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நம் கருவிகள் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு பழைய நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. வைஃபை என்றால் அளவில்லாதது, மொபைல் டேட்டா என்றால் காசு. போனில் வரும் செயலி அப்டேட், புகைப்படக் காப்பு எல்லாம் வைஃபைக்காகக் காத்திருப்பது இந்த நம்பிக்கையால்தான். ஆனால் லேப்டாப்பின் கண்ணுக்கு ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். பின்னால் ஒரு சிம் கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. தள்ளிப்போட்ட விண்டோஸ் அப்டேட், கிளவுடில் ஏற வேண்டிய கோப்புகள் எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடப் பார்க்கும்.

ஆண்ட்ராய்டு போன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு போன் சேரும்போது, முகவரி கொடுக்கும் செய்தியோடு "இது அளந்து தரும் இணைப்பு" என்று ஒரு குறிப்பையும் அனுப்பும். அந்தக் குறிப்பை விண்டோஸ் லேப்டாப் படிக்கும் என்று நம்ப முடியாது. நாமே அந்த வைஃபை பெயரைத் தொட்டு, "மீட்டர்டு கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்ய வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் ஸ்மார்ட் டிவியை இணைப்பது இதைவிட ஆபத்து. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கிலேயே எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை இழுக்கும். பெரிய திரையைப் பார்த்ததும் பிளேயர் மேல்படிக்கு ஏறத்தான் செய்யும்.

அதே நம்பிக்கை தலைகீழாகவும் உடையும். 2015-இல் ஐஓஎஸ் 9-இல் வைஃபை அசிஸ்ட் என்ற வசதி வந்தது. வைஃபை பலவீனமாக இருந்தால் ஐபோன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். கேட்காமலே ஆன் செய்யப்பட்டிருந்தது. வீட்டு வைஃபையில்தான் இருக்கிறோம் என்று நினைத்தவர்களின் டேட்டா கரைந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டே ஆப்பிள் மேல் வழக்குப் போட்டார்கள். இன்றைக்கும் அந்த வசதி இருக்கிறது. ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்பின் அடிப்பகுதி வரை தள்ளிப் போனால் அதை அணைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் வேறு பெயரில் இதே வசதி உண்டு. படுக்கையறை மூலையில் வைஃபை எட்டாத வீடுகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இந்தியாவில் ஒருவர் மாதத்துக்குப் பயன்படுத்தும் மொபைல் டேட்டா 2014-இல் சராசரியாக 62 எம்பி அளவில் இருந்தது. இப்போது 20 ஜிபியைத் தாண்டிவிட்டது. மனிதர்கள் முந்நூறு மடங்கு அதிகம் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிமிடத்தின் எடை கூடியதும் அதில் ஒரு பங்கு. அந்த எடையைக் குறைக்கவும் முடியும் என்பதை நாடே ஒரு முறை பார்த்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது நெட்வொர்க் தாங்காது என்று வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் 480-க்கு மேல் தரக்கூடாது என்று சில வாரங்களுக்கு முடிவு செய்தன.

நாங்கள் செய்ததும் அதுதான். அந்த வாரம் லால்குடிக்குப் போய் அம்மாவின் போனில் மொபைல் நெட்வொர்க்குக்கு டேட்டா சேவர் தரத்தை வைத்தேன். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தினேன். ராத்திரிப் படம் பார்த்தபடியே அம்மா தூங்கிவிடுவார், போன் மட்டும் விழித்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மகள் லேப்டாப்பில் அந்த மீட்டர்டு பொத்தானை ஆன் செய்துவிட்டாள். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பட்டிமன்றத்தில் ஒரு வித்தியாசமும் அம்மாவுக்குத் தெரியவில்லை. வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் போன் வந்தது. "ஏம்ப்பா, ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் திறக்கறாங்க, நம்பெருமாள் ரத்தின அங்கி ஒண்ணுமே தெரியலையே, கலங்கலா இருக்கு." வீடியோவின் மூலையில் உள்ள சக்கரத்தைத் தொட்டு, தரம் என்பதில் 1080-ஐ எடுக்கச் சொன்னேன். அந்த வீடியோவுக்கு மட்டும்தான் அது மாறும், அடுத்தது பழையபடி குறைந்த தரத்துக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 1.3 ஜிபி. "ஆங், இப்பத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே அம்மா போனை வைத்துவிட்டார்.