கேரம் போர்டுக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள்

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, பைக்கின் பின்னால் கேரம் போர்டைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். "எங்க தாத்தா வாங்குன போர்டு அண்ணாச்சி. காய் நகரவே மாட்டேங்கு" என்றார்.

சாக்கைப் பிரித்ததுமே தேங்காய் எண்ணெய் வாசம். உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் பசை திரண்டு வந்தது. எண்ணெயும், காய் வழுக்கத் தூவும் போரிக் பவுடரும், கை வியர்வையும் சேர்ந்து குழைந்த பசை. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. எண்ணெய் தேய்த்து, "நல்லா ஊறட்டும்" என்று இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வேறு போட்டிருக்கிறார்கள்.

இந்த வருடம் இப்படி வந்ததில் இது ஏழாவது. 2024-இல் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பிறகு, பரணில் கிடந்த போர்டுகளெல்லாம் கீழே இறங்கின. சந்தோஷம்தான். இறக்கிய கையோடு எண்ணெய்ப் பாட்டிலை எடுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "மரத்துக்கு எண்ணெய் நல்லதுதானே?" தேக்குக் கதவுக்கு நல்லது. ஊஞ்சல் பலகைக்கு நல்லது. அங்கே எண்ணெய் மரத்துக்குள் இறங்குகிறது. கேரம் போர்டில் உங்கள் காய் மரத்தின் மேல் ஓடவில்லை, பூச்சின் மேல் ஓடுகிறது. பிளைவுட்டின் மேல் வெனீர் என்ற மெல்லிய மரத்தோல், அதன் மேல் அச்சடித்த கோடுகள், எல்லாவற்றுக்கும் மேலே லாக்கரோ மெலமைனோ கண்ணாடி மாதிரி ஒரு படலம். நல்ல படலத்துக்குள் எண்ணெய் இறங்காது, மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே போகும். போனால் வெனீர் கறுக்கும். பிறகு நான் எத்தனை தடவை லாக்கர் அடித்தாலும் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகி நிற்கும்.

அந்தத் தம்பியிடம் அவர் ஊர்ச் சாமானை வைத்தே சொன்னேன். அம்பாசமுத்திரம் செப்புச் சாமான், பிள்ளைகள் வைத்து விளையாடும் மரச் சாமான், மினுங்குகிறதே, எண்ணெயாலா? மேலே ஏற்றிய அரக்கால். அதற்கு யாராவது எண்ணெய் தேய்ப்பார்களா? அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஈரத்துணியும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரில் கிடந்த போர்டுகள் என்னிடம் வந்தன. பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. வெயிலில் காயப்போட்டவை அப்பளமாக வளைந்தன. நிழலில் ஃபேன் காற்றில், மேலே கனம் வைத்து மெல்லக் காயவைத்த சிலதைத்தான் காப்பாற்ற முடிந்தது.

இன்னொரு கூட்டம் உப்புத்தாளைக் கையில் எடுக்கிறது. அந்த வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது ஐயா! முரட்டுத் தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் கோடும் போகும், வட்டமும் போகும். எந்தப் பழைய போர்டைத் தொடும் முன்னாலும் நான் டிரேசிங் பேப்பரில் கோடுகளை எடுத்து வைத்துக்கொள்வேன். நடுவில் பெரிய வட்டம் 17 செ.மீ., ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் அடிக்கோடு 47 செ.மீ. போட்டி அளவில் ஒரு நூல் தப்பினாலும் மன்றத்துப் பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழுக்கவில்லை என்றால் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி இரண்டு தட்டு தட்டினால் போதும். முகப்பவுடர், மைதா, அரிசி மாவு எதுவும் கூடாது. ஆட்டம் முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் உலர்ந்தபடியே துடைத்துவிடுங்கள். போர்டிலேயே விட்ட பவுடர் ஈரக்காற்றில் கட்டிதட்டும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பவுடர் போரிக் அமிலம், கரப்பான் மருந்தில் சேர்ப்பது. பிள்ளைகள் ஆடிவிட்டு அந்தக் கையோடு முறுக்கு எடுக்கிறார்கள். கையைக் கழுவச் சொல்லுங்கள். டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கீறலுக்குக் காய்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர்தான். தரையில் விழுந்து விளிம்பு துளி பெயர்ந்திருந்தால் போதும், ஒவ்வொரு அடியும் உளி இழுத்த மாதிரி. விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் அந்த ஸ்ட்ரைக்கரை மாற்றிவிடுங்கள்.

தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்குச் சாரல் காலத்தில் போர்டு மந்தமாவது தெரிந்த கதை. முன்பு 60 வாட் குண்டு பல்பு தொங்கும். அரைமணி நேரம் எரியவிட்டால் போர்டு தானாக உலர்ந்துவிடும். இப்போது எல்.இ.டி. மாட்டிவிட்டு, "போர்டு கெட்டுப்போச்சு" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். கெடவில்லை, சூடு போய்விட்டது. பழைய குண்டு பல்பு கிடைத்தால் ஒன்று மாட்டுங்கள், போர்டிலிருந்து கையெட்டும் தூரம் விட்டு. ஆடாத நாளில் சமமான பலகையில் படுக்கையாக வையுங்கள். ஈரச்சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும்.

அம்பாசமுத்திரத்துப் போர்டுக்கு வருகிறேன். தின்னர் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் துணி மஞ்சளாகத்தான் வந்தது. இப்போது சாக்பவுடரைப் பரப்பி வைத்திருக்கிறேன், கீறலுக்குள் போன எண்ணெயை அது இழுக்க வேண்டும். தம்பி தினமும் போன் போடுகிறார். "பொங்கல் போட்டிக்குக் கிடைக்குமா அண்ணாச்சி?" வெளியே ஐப்பசி மழை. இந்த ஈரத்தில் லாக்கர் அடித்தால் படலம் பால் மாதிரி வெளுத்துவிடும். மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் காயட்டும், அதற்குமுன் லாக்கர் அடிக்கும் துப்பாக்கியை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.