பெருமுத்திரையும் மூன்று நாற்காலிகளும்

இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் என்ற உயர் அமைச்சர் பதவி ஒரு முத்திரையைச் சுற்றி வளர்ந்தது. அரசாணை செல்லுபடியாக வேண்டுமானால் அதில் அரசரின் பெருமுத்திரை பதிய வேண்டும் என்பதால், அதைக் காப்பவர் தம்மிடம் வரும் ஆவணங்களைப் படித்தாக வேண்டியிருந்தது. படிப்பவரிடம் அரசர் ஆலோசனை கேட்பதும் இயல்பாயிற்று. 1688இல் நாட்டைவிட்டு ஓடிய இரண்டாம் ஜேம்ஸ், முத்திரை இல்லாவிட்டால் ஆட்சியே நின்றுவிடும் என்று எண்ணினாரோ என்னவோ, அதைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டுப் போனார்.

நீதி வழங்கும் அதிகாரமும் இதே வழியில்தான் சேர்ந்தது. போருக்குச் செல்லும் ஒருவன், மனைவி மக்களைக் காப்பாற்றும்படி சொல்லித் தன் நிலத்தை நண்பன் பெயருக்கு எழுதிவைக்கிறான் என்று கொள்வோம். நண்பன் பின்னர் கைவிரித்தால், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நாட்டின் வழக்கமான நீதிமன்றங்களான பொதுச்சட்ட நீதிமன்றங்கள் சொல்லிவிடும். அவ்வாறு ஏமாந்தோர் அரசரிடம் முறையிட, அரசர் அந்த மனுக்களைச் சான்சலரிடம் அனுப்பினார். சான்சலர் பத்திரத்தைத் தொடவில்லை. நண்பனை அழைத்து, மனச்சாட்சிப்படி நடக்குமாறும், தவறினால் சிறை என்றும் ஆணையிட்டார். ஈக்விட்டி எனப்படும் நியாயமுறை இப்படிப் பிறந்தது. இரு முறைகளும் மோதியபோது, 1616இல் முதலாம் ஜேம்ஸ் சான்சலரின் பக்கமே தீர்ப்பளித்தார். கிரயம் பேசி முன்பணம் வாங்கியவர் பத்திரம் எழுதித்தர மறுக்கும்போது நம்மூர் நீதிமன்றங்களில் தொடுக்கப்படும் 'ஏற்றதை ஆற்றுதல்' வழக்கும் இந்த மரபின் கிளைதான்.

இவ்வாறு ஒரே மனிதர் அமைச்சரவையில் உறுப்பினராகவும், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் தலைவராகவும், நீதித்துறையின் தலைவராகவும் இருந்தார். அவையில் அவர் அமர்ந்தது கம்பளி திணித்த சிவப்பு மெத்தை. அது அவைக்கு வெளியே உள்ள இடமாகக் கருதப்பட்டதால், அரசின் சார்பில் பேச வேண்டுமானால் எழுந்து சற்று இடப்புறம் நகர்ந்து நின்று பேசுவார். அதிகாரப் பிரிவினை என்பது அங்கே சில அடி தூரம்தான்.

2003இல் பிரதமர் டோனி பிளேர் இப்பதவியை ஒழிக்கப்போவதாக அறிவித்தார். பழஞ்சட்டங்கள் பலவற்றில் அது பின்னிக் கிடந்ததால் அறிவித்தபடி நீக்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டின் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் பதவியை விட்டுவைத்து, பணிகளைப் பிரித்தது. 2006இல் நீதித்துறையின் தலைமைப் பொறுப்பு தலைமை நீதிபதிக்குச் சென்றது. பிரபுக்கள் அவையும் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் தனியே தொடங்கியது. 2007 முதல் நீதித்துறை அமைச்சரே லார்ட் சான்சலராகவும் இருந்துவருகிறார். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, 2012இல் நியமிக்கப்பட்ட கிறிஸ் கிரேலிங் சட்டம் படித்தவர் அல்லர். பெருமுத்திரை மட்டும் இன்றும் லார்ட் சான்சலரின் பொறுப்பிலேயே இருக்கிறது.