'அமால்கமேட்' என்னும் வினைச்சொல்: பொருளும் தமிழும்

தென்னாப்பிரிக்காவில் ஆட்சி, வணிகம், சங்க நடவடிக்கை யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பதால், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஒரு தமிழ்ச் சங்கத்தின் அறிக்கையைத் தமிழில் எழுத முனைபவர் முதலில் ஆங்கிலச் சொல்லைத்தான் எதிர்கொள்கிறார். இரண்டு அமைப்புகள் ஒன்றாகும்போது வரும் 'அமால்கமேட்' அத்தகைய சொல். அதற்கு 'இணைத்தல்' என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது போதாது என்பதே என் கருத்து.

இச்சொல்லின் வேர் உலோகத் தொழிலில் உள்ளது. பாதரசத்தோடு வேறோர் உலோகம் கூடி உண்டாகும் கலவையை இடைக்கால இலத்தீனில் 'அமால்கமா' என்றனர். அதை அரபு மொழி வழியாகக் கிரேக்கத்தின் 'மாலக்மா' என்ற சொல்லுக்குக் கொண்டு செல்வோர் பலர். மென்மையாக்கும் மருந்துப் பற்று என்பது அதன் பொருள். பாதரசம் பட்ட பொன் குழைந்து பசைபோல் ஆவதைப் பார்த்தால் இந்த உறவு பொருத்தமாகவே தோன்றுகிறது.  

பொருளை விளங்கிக்கொள்ள ஜோகன்னஸ்பர்க்கைவிட நல்ல இடம் இல்லை. 1886-இல் அந்நகரம் அமைந்த விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டுநிலத்தில் பொன் கண்டறியப்பட்ட பின், தாதுக்கல்லை இடிப்பொறியில் பொடியாக்கி, நீரோடு சேர்த்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டனர். பொன் துகள்கள் பாதரசத்தில் பிடிபட்டுப் பசையாயின. அதைச் சுரண்டி எடுத்து வாலை என்னும் வடிகலத்தில் இட்டுக் காய்ச்ச, 357 பாகை செல்சியசில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகிப் பிரிய, பொன் தங்கியது. ஆழத்திலிருந்து கந்தகக் கனிமம் மிகுந்த தாது வரத் தொடங்கியதும் இம்முறை தடுமாறியது. 1890 முதல், பொன்னைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கும் சயனைடு முறை பரவியது. இந்த உலோகப் பொருளில் தமிழுக்குச் சொல் பஞ்சமே இல்லை. 'இரசக்கலவை' என்றால் போதும். பழைய கண்ணாடிகளின் பின்புறம் ஈயமல்ல, வெள்ளீயமும் பாதரசமும் கூடிய இரசக்கலவைதான் பூசப்பட்டது. 'ரசம் போன கண்ணாடி' என்ற பேச்சு வழக்கு அதிலிருந்து வந்ததே.

நிறுவனங்களைப் பற்றிய பொருள் பின்னர் வந்தது, சிக்கலும் அங்கேதான். கிம்பர்லி வைரச் சுரங்கங்களை ஒரு கையில் கொண்டுவர 1888-இல் டி பியர்ஸ் கன்சாலிடேட்டட் மைன்ஸ் அமைந்தபோது, கிம்பர்லி சென்ட்ரல் நிறுவனத்தின் பங்குதாரர் சிலர் நீதிமன்றம் சென்றனர். தம் நிறுவனத்தின் விதிப்படி அது தன்னை ஒத்த நிறுவனத்தோடு மட்டுமே ஒன்றாகலாம், டி பியர்ஸ் அத்தகையதன்று என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. உடனே சென்ட்ரல் நிறுவனம் கலைக்கப்பட்டு, அதன் உடைமைகள் 53,38,650 பவுண்டுக்கான ஒரே காசோலையால் 1889-இல் வாங்கப்பட்டன. சட்டத்தின் கண்ணில் அது விற்பனை, விளைவில் ஒன்றாதலே. பழைய பெயரும் பழைய உடலும் மறைவதுதான் இச்சொல்லின் உயிர்நிலை என்பதை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. இன்றைய தென்னாப்பிரிக்க நிறுமச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டம், 'அமால்கமேஷன் அல்லது மெர்ஜர்' என்று இரு சொற்களையும் ஒரே தொடராக வைத்து, எல்லா நிறுவனங்களும் கலைந்து புதியது தோன்றுவதையும், ஏதேனும் ஒன்று நிலைத்து மற்றவை அதில் அடங்குவதையும் அதற்குள் சேர்த்துவிடுகிறது.

இனித் தமிழ்ச் சொற்களை நிறுத்துப் பார்க்கலாம். 'இணைத்தல்' என்பதில் இணைந்தவை இரண்டும் நிற்கின்றன. தொடர்வண்டிப் பெட்டிகளை இணைக்கிறோம், பின்பு கழற்றுகிறோம். 'பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட கல்லூரி' என்றால் அக்கல்லூரி தன் பெயரோடும் நிருவாகத்தோடும் இருக்கிறது என்றே தமிழர் கொள்வர். நட்டால் பல்கலைக்கழகமும் இந்தியருக்கென அமைந்திருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004 சனவரி 1-இல் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமாக ஆனதை 'இணைப்பு' என்று எழுதினால், பழைய இரண்டும் இன்னும் உள்ளன என்ற மயக்கம் எழும். 'கலத்தல்' பாலுக்கும் நீருக்கும் தகும், சங்கங்களுக்கு ஒட்டாது. 'ஒருங்கிணைத்தல்' தனித்தனியே இருப்பவற்றை ஒழுங்குபடச் செயற்படுத்துவதற்கு வழங்கிவிட்டது. எனவே 'ஒன்றாக்குதல்', 'ஒன்றாதல்' என்பனவே நேரான சொற்கள். பெயர்ச்சொல் வேண்டுமானால் 'ஒன்றாக்கம்' எனலாம்.

இவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கில வினை, தானே நிகழ்வதற்கும் பிறர் செய்விப்பதற்கும் ஒரே வடிவில் நிற்கிறது. தமிழில் அவை பிரிகின்றன. உறுப்பினர் வாக்களித்துத் தாமே முடிவுசெய்த இரு சங்கங்கள் 'ஒன்றாயின'. அரசின் உயர்கல்விச் சீரமைப்பால் அப்படி ஆன பல்கலைக்கழகங்கள் 'ஒன்றாக்கப்பட்டன'. அறிக்கை எழுதுவோர் எது நடந்தது என்று அறிந்த பின்னரே வினையைத் தேர வேண்டியிருக்கும்.