கோல்ஃப் மட்டையைக் கிரைண்டரில் வைக்கும் முன்

ஓசூரில் கிரைண்டிங் பட்டறை நடத்துபவனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெங்களூரு பக்கத்தில்தானே இருக்கிறது, ஆடுபவர்கள் தேடி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கொண்டுவருவது வெட்ஜ்தான், மணல் குழியிலிருந்து பந்தை மேலே எழுப்பி அடிக்கிற மட்டை. "அண்ணே, மணல்ல புதையுது, அடியைக் கொஞ்சம் தேய்ச்சுக் கொடுங்க."

தேய்த்தால் இன்னும் புதையும். வெட்ஜைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அடிப்பாகத்தின் பின்பக்கம் முன்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பவுன்ஸ் என்கிற அந்தச் சாய்வுதான் மட்டையை மணலில் வழுக்கிப் போக வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் முன்விளிம்பு மண்வெட்டி மாதிரி இறங்கும். கட்டாந்தரையில் முகத்தை, அதாவது பந்தில் படும் பக்கத்தை, வானம் பார்க்கத் திறந்து வைத்து அடிப்பவர் என்றால் ஹீல் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) மட்டும் கொஞ்சம் எடுக்கலாம். அதையும் அவ்வப்போது தராசில் வைத்துத்தான் எடுப்பேன். தலையில் 2 கிராம் குறைந்தாலே ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்பதன் அளவு) ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கிவிடும்.

டிரைவர், அதாவது வெகுதூரம் அடிக்கிற பெரிய தலை மட்டை, அதன் முகத்தை மெலிதாக்கச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். முகம் சீக்கிரம் விரிசல் விடும். போட்டி விதிகளின் பெண்டுலச் சோதனையில் ஊசல் குண்டு முகத்தில் மோதித் தொட்டிருக்கும் நேரத்தை அளப்பார்கள், முகம் ஸ்பிரிங் மாதிரி வளைந்தால் அது கூடும்; அளவுப் பிழைக்கான சலுகையும் சேர்த்து 257 மைக்ரோ வினாடிதான் எல்லை. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

அதைவிடப் பெரிய காரணம், டிரைவர் முகம் பெரும்பாலும் டைட்டானியம். சக்கரத்தில் வைத்தால் கண்கூசும் வெள்ளைப் பொறி பறக்கும். அதன் தூள் தீப்பிடிக்கும். நம் கிரைண்டர்களின் அடியில் இரும்புத் தூளும் துருவும் எப்போதும் கிடக்கும், அதோடு கலந்தால் இன்னும் மோசம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். காய்ந்த மணல் வாளி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், செம்பு நிறத்தில் பழைய அயர்ன் மட்டை செட் யாராவது கொண்டுவந்தால் உஷார். 1980களில் பிங் ஐ2 போன்ற மட்டைகள் பெரிலியம் காப்பரிலும் (பெரிலியம் கலந்த செம்பு) வந்தன. காந்தம் ஒட்டாது, சக்கரத்தில் வைத்தாலும் பொறி வராது, சாதுவாகத் தெரியும். ஆனால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் தீராத நோய் வரலாம், அதுவும் பல வருடம் கழித்து. துணி மாஸ்க் இதற்கு உதவாது. நான் தொடுவதே இல்லை.

எடை கூட்ட மட்டும்தான் ஆசை என்றால் கிரைண்டரே வேண்டாம், ஈயப் பட்டை ஒட்டினால் போதும். ஆட்டம் தொடங்கும் முன் ஒட்டிவிடுங்கள், நடுவில் ஒட்டுவது விதிமீறல். ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ குடியுங்கள்.